யானை நடை நடந்த வேட்டை ஜோடு

கருங்குறிச்சி சமஸ்தானத்து ராஜா உக்கிரவழுதி வேட்டைக்குப் போனால் மிருகங்களுக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் இருக்காது. எல்லாம் அவருடைய ஜோட்டின் புண்ணியம். கணுக்கால் வரை ஏறும் தோல் ஜோடு. முள் ஏறாது, பாறையில் வழுக்காது, பத்து வருஷம் உழைக்கும். ஒரே ஒரு குறை, அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

அந்தத் தடவை ஒரு காட்டுப்பன்றி ராஜாவுக்கு நேர் எதிரிலேயே வந்து நின்றது. ராஜா ஈட்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். கொஞ்ச தூரம் போவதற்குள் குதிகால் எரிந்தது, விரல்கள் மடங்கின, ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். பன்றி நின்று பார்த்தது. பிறகு தன் வேலையைக் கவனிக்கப் போய்விட்டது. அது பயந்து ஓடியிருந்தால்கூட ராஜாவுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

மறுநாள் ஜோடு தைத்த சுடலையைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனைக் குடும்பத்தோடு நாடு கடத்த வேண்டும் என்றார் அமைச்சர் குழைக்காதர். சுடலை கும்பிட்டபடி, "குடுத்த அளவுக்குத்தான் தைச்சேன், சாமி" என்றான்.

அந்த அளவில்தான் இருந்தது விஷயம். கருங்குறிச்சியில் ராஜாவின் காலை அளக்கிற வழக்கமே கிடையாது. சமஸ்தானத்தை உண்டாக்கிய மூத்த வழுதியின் மரப் பாதுகை கஜானாவில் இருந்தது. அமைச்சர் அதை எடுத்து, நூல் வைத்து அளந்து, அந்த நூலைத்தான் சுடலைக்கு அனுப்புவார். வம்சம் ஒன்று, ஆகவே காலும் ஒன்று. இப்படியே தலைமுறை தலைமுறையாக ராஜாக்கள் வேட்டைக்குப் போனார்கள், அசைந்து அசைந்து திரும்பி வந்தார்கள். அந்த அசைவுக்கு யானை நடை என்று பெயர் வைத்து, குழைக்காதரின் குடும்பம் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கி வந்தது.

காரணம் சபையில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. பாதுகையின் அளவுக்கு ராஜாவின் கால் அடங்கவில்லை என்று சொன்னால், ராஜா அந்த வம்சமே இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும். அப்படிச் சொன்னவனுடைய தலை கழுத்தில் தங்காது.

சபையில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்காகச் சம்பளம் வாங்குபவர். மற்ற நேரங்களில் தூணில் சாய்ந்து தூங்குவார். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. வாசலில் சுடலையின் பெண்டாட்டி பானை சட்டியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, ஓர் ஆட்டையும் பிடித்தபடி நின்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மனசு கேட்கவில்லை, எழுந்தார்.

"ஜோட்டில் குறை இல்லை, மகாராஜா."

இதற்காகவே காத்திருந்தவர் போலக் குழைக்காதர் திரும்பினார். "அப்படியென்றால் மகாராஜாவின் காலில் குறை என்கிறீரா, ஓய்?"

ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் இருந்தவர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

"காலிலும் குறை இல்லை" என்றார் ஆவுடையப்பன். பிறகு மூத்த வழுதியின் வாள் கச்சையைக் கொண்டுவரச் சொன்னார். பட்டாபிஷேகத்தன்று ராஜா இடுப்பில் கட்டிய கச்சை அது. பாதி பழைய தோல், மீதி புதிய தோல். இந்த ஒட்டு யார் போட்டது என்று கேட்டார்.

நான்தான் போட வைத்தேன் என்றார் அமைச்சர். பழைய கச்சை அன்று இடுப்பைச் சுற்றி வரவில்லை.

"அப்போது சபையில் தாங்கள் ஒன்று சொன்னீர்கள். அருமையான வார்த்தை. இன்னொரு தரம் கேட்க ஆசை."

தன் வார்த்தையைத் திரும்பச் சொல்லக் குழைக்காதருக்குக் கசக்குமா? தொண்டையைச் சரி செய்துகொண்டார். "மூத்த வழுதி ஆண்டது ஒரு குன்று. இன்று மகாராஜா ஆள்வது குன்று, ஆறு, சமவெளி. ராஜ்யம் பெருகினால் இடையும் பெருகும். அதுவே இந்த வம்சத்தின் லட்சணம் என்றேன்."

"ரொம்பச் சரி. ராஜ்யம் பெருகியது. வயிறும் பெருகியது. இரண்டையும் சுமக்கிற கால் மட்டும் எப்படிப் பெருகாமல் இருக்கும்? வயிறு வம்சத்தில் சேர்த்தி, கால் சேர்த்தி இல்லையா, அமைச்சரே?"

குழைக்காதர் கச்சையின் ஒட்டைப் பார்த்தார். கால் பெருகாது என்று சொன்னால் கச்சைக்கு ஒட்டுப் போட்டதும் ராஜ துரோகம். போட வைத்தவர் அவரே.

ராஜா தன் வயிற்றைப் பார்த்தார். அதைத் தாண்டிச் சற்றுச் சிரமப்பட்டுக் காலையும் பார்த்தார். "அப்போ அளவை எப்படி எடுக்கணும்?" என்றார்.

சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கும் காலை அளந்தால் பிரயோஜனமில்லை, ராஜ்யத்தைச் சுமந்துகொண்டு நிற்கும் காலை அளக்க வேண்டும் என்றார் ஆவுடையப்பன். அதுவும் பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கிய சாயங்கால வேளையில். முன்னால் விரல் அசைய இடம் வேண்டும், பின்னால் குதிகால் தூக்கக் கூடாது, சரிவில் இறங்கும்போது நுனி இடிக்கக் கூடாது.

அன்று சாயங்காலமே சுடலை அளவெடுத்தான். அடியில் அதே கெட்டித் தோல், உள்ளே எண்ணெய் ஊறிய மெல்லிய ஆட்டுத் தோல். ஜோடு தயாரானதும் அரண்மனைத் தோட்டத்திலேயே சில நாள் போட்டு நடந்து பழகிவிட்டு, ராஜா மலை ஏறினார். எங்கேயும் உட்காரவில்லை. பன்றி எதிரே வந்தது. இந்தத் தடவை அது ஓடியது. அகப்படவில்லைதான், ஆனால் ராஜாவுக்கு அதுவே போதும்.

ஊர் திரும்பியதும் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார். "ஓய், அப்போ என் முன்னோர்களுடைய யானை நடை?"

"கொப்புளம், மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். இடுப்பில் கட்டியிருந்த கச்சையின் ஒட்டுப் பிரிந்தது. ஆவுடையப்பனுக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. சுடலையின் மூட்டைகள் என்றைக்கோ பிரிக்கப்பட்டு, ஆடு பழைய இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

குழைக்காதர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். வம்சத்தின் யானை நடை இத்தோடு அழிந்துவிடுமே என்றார். ராஜாவும் அதை யோசித்தார். அழியக் கூடாதுதான் என்று ஒப்புக்கொண்டு, பழைய ஜோட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதைத் தம் கையாலேயே அமைச்சரிடம் கொடுத்தார்.

அடுத்த வேட்டைக்கு ஊரே தெருவில் நின்று பார்த்தது. முன்னால் ராஜா மனுஷ நடையில் போனார். பின்னால் குழைக்காதர் யானை நடையில் வந்தார்.