பரிசல்காரி சொன்ன சாட்சி

தொகுதிகளின் எல்லையை மாற்றி வரையும் வருடம் அது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கொத்திக்காடு தனக்கு ஒருபோதும் ஓட்டுப் போடுவதில்லை என்பதால், ஆற்றைக் கடக்க வழியில்லாத ஊர் என்று காரணம் காட்டி, அதை அக்கரையில் இருக்கும் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளிவிடப் பார்த்தார் எம்.எல்.ஏ. நல்லதம்பி. எல்லை வரையும் அதிகாரி நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவ்வூர்ப் பரிசல்காரி பெருமாயியை வரவழைத்தார்.

"ஆத்தைக் கடக்கப் பரிசலை விட்டா வழியில்லைன்னு அதிகாரிகிட்டச் சொல்லு. மாத்திச் சொன்னே, நாளைக்கு நீ பரிசல் ஓட்ட முடியாது" என்று கூட்டம் தொடங்கும் முன்பே தனியாக மிரட்டினார்.

கூட்டத்தில் அதிகாரி கூப்பிட்டதும் பெருமாயி எழுந்து கும்பிட்டாள்.

"ஐயா சொல்றது நெசந்தானுங்க. பரிசலை விட்டா வேற வழியே இல்லீங்க."

நல்லதம்பி மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒரே ஒரு சந்தேகமுங்க" என்றாள் பெருமாயி. "எங்க ஊருக்குப் பாலம் கட்டி முடிச்சாச்சுன்னு ஐயா சட்டசபையில பேசினதா பேப்பர்ல வந்துச்சுங்களே. அது எங்கீங்க இருக்குது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி நல்லதம்பி பக்கம் திரும்பினார். "பாலம் இருக்கா, இல்லையா?"

இல்லை என்றால் சட்டசபையில் சொன்னது பொய்யாகிவிடும். நல்லதம்பி, "இருக்கு" என்று முனகினார்.

"அப்போ ஊர் உங்க தொகுதியிலேயே இருக்கட்டும்" என்று அதிகாரி எழுந்தார். "வாங்க, பாலத்துல நடந்து போய் ஊரைப் பார்த்துட்டு வரலாம்."

நல்லதம்பி நாற்காலியை விட்டு அசையவில்லை.