பரளைக் கல்லில் பன்னிரண்டாவது பெயர்

பரளை என்று ஒரு பாளையம் இருந்தது. இன்று மேலப்பரளை, கீழப்பரளை என்று இரண்டு வட்டங்கள்தாம் இருக்கின்றன. பிரித்தவர்கள் கும்பினிக்காரர்கள். வரி கட்ட மறுத்து எழுந்த பாளையத்தை அடக்கியபின், இவர்களைச் சேர்ந்திருக்க விட்டால் மறுபடியும் எழுவார்கள் என்று கலெக்டர் துரை நடுவே ஒரு சாலையைப் போட்டு, அதன் இருபுறமும் இரண்டு வட்டங்கள் என்று உத்தரவிட்டார். அதற்கு முன்பே கீழ்ப்புறத்து ஆட்கள் பதினொரு பேரைக் கண்மாய்க் கரையில் தூக்கிலிட்டிருந்தார்.

அவர்கள் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் மேற்புறத்து விருமன் என்பது கீழப்பரளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அந்த வாரமே அவன் காணாமல் போனான். துரையிடம் பொன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்றார்கள். அன்றுமுதல் அவன் வம்சத்துக்குக் 'காட்டிக்கொடுத்த வீடு' என்று பெயர். அந்த வீட்டுக்குக் கீழப்பரளையிலிருந்து யாரும் பெண் கொடுத்ததில்லை; மேலப்பரளையிலும் தயங்கினார்கள். இன்று அந்த வீட்டில் மிஞ்சியிருப்பவர் அடைக்கலம். கல்லில் எழுத்து வெட்டுவது அவர் தொழில். ஐம்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

சாலையை அகலப்படுத்தியபோது, இரண்டு வட்டங்களும் பிறந்த கதையைச் சொல்லும் கல் ஒன்றை எல்லையில் நட முடிவாயிற்று. வாசகம் எழுதும் பொறுப்பு அரசுக் கல்லூரியில் வரலாறு கற்பித்துவந்த சகாயராணிக்கு வந்தது. வெட்டும் வேலை அடைக்கலத்துக்குக் கிடைத்தது.

சகாயராணி பழைய தாள்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். கீழப்பரளையில் சத்துணவுக்கூடம் நடத்திவந்த குருவம்மாள் என்ற பெண், தன் வீட்டுப் பெட்டியில் கும்பினி முத்திரையோடு ஒரு தாள் இருப்பதாகச் சொன்னார். எடுத்துக் காட்டுமுன் ஒரு வாக்குக் கேட்டார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா இதை வெளிய எடுக்கக்கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க. எங்க வீட்டுப் பேரு உங்க வாயால வராதுன்னு சத்தியம் பண்ணுங்க."

சகாயராணி சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் படித்தார். காட்டிக்கொடுத்ததற்காகக் கீழப்பரளைக் கணக்கர் சங்குமுத்துவுக்கு நான்கு காணி நிலம் என்றிருந்தது. அவர் குருவம்மாளின் முன்னோர். தூக்கிலிடப்பட்டவர்களின் பட்டியலும் அதில் இருந்தது. பெயர்கள் பதினொன்று அல்ல, பன்னிரண்டு. கடைசிப் பெயர் விருமன். அவனை மட்டும் கடற்கரைக் கோட்டைக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டிருந்தார்கள்.

யாரையும் பழிக்காமல், பன்னிரண்டு பெயர்களை மட்டும் போட்டு சகாயராணி வாசகத்தை எழுதினார். தாசில்தார் பார்த்தார். "எதுக்கும்மா வம்பு? ஊர் அறிஞ்ச பதினொண்ணே இருக்கட்டும்" என்று கடைசிப் பெயரை அடித்தார். சகாயராணி எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் மனம் கேட்கவில்லை. பட்டறைக்குப் போய் அடைக்கலத்திடம் சொல்லிவிட்டார். "உங்க விருமன் காட்டிக்கொடுக்கலை அண்ணே. அவரையும் தூக்குலதான் போட்டாங்க. எழுத்துல இருக்கு, நான் படிச்சேன்."

அடைக்கலத்தின் கையிலிருந்த உளி நின்றது. "அப்ப யாருங்க காட்டிக்கொடுத்தது?"

"அதை நான் சொல்லக்கூடாது."

அவர் மறுபடி கேட்கவில்லை. தாசில்தார் அடித்த பெயரையும் சேர்த்துப் பன்னிரண்டு பெயர்களையும் வெட்டினார்.

கல் திறந்த மறுநாளே கீழப்பரளை திரண்டது. 'தன் பாட்டனை இவனே தியாகியாக்கிக்கொண்டான்' என்று கூச்சலிட்டு, பட்டப்பகலில் பன்னிரண்டாவது பெயரைச் சம்மட்டியால் அடித்துச் சிதைத்தார்கள். அடைக்கலத்தின் பட்டறையும் தப்பவில்லை. அரசுக் கல்லில் மோசடி செய்ததாக அவர்மீதே வழக்குப் பதிவாயிற்று.

சகாயராணி குருவம்மாளிடம் ஓடினார். தாளில் இருந்ததைச் சொல்லி, "சத்தியத்துலேருந்து என்னை விட்டுருங்கம்மா" என்று கெஞ்சினார்.

குருவம்மாள் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். பிறகு சொன்னார்: "எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. விருமன் வீட்டை இந்த ஊரு என்ன பாடு படுத்துச்சுன்னு பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அதை என் பிள்ளைங்க தலையில தூக்கி வைக்கச் சொல்றீங்களா? முடியாதும்மா."

விசாரணையில் தாசில்தார் சகாயராணியைக் கேட்டார்: "அந்தப் பேருக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

அடைக்கலம் எதிரே நின்றிருந்தார்.

"என்கிட்ட எதுவும் இல்லை" என்றார் சகாயராணி.

"உனக்கு யாருய்யா சொன்னது?" என்று தாசில்தார் அடைக்கலத்தின் பக்கம் திரும்பினார். அவர் சகாயராணியை ஒருமுறை பார்த்தார். "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் வெட்டுனேன்."

வழக்கு கோர்ட்டுக்குப் போய், அடைக்கலத்துக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. திரும்பி வந்தபோது வேலை கொடுக்க ஆளில்லை. 'காட்டிக்கொடுத்த வீடு' என்ற பெயரோடு 'கள்ளக்கல் வீடு' என்ற பெயரும் சேர்ந்திருந்தது.

குருவம்மாள் தன் பெண்களைக் காத்தார். சகாயராணி தன் சத்தியத்தைக் காத்தார். அடைக்கலம் உண்மையை வெட்டி, அதைச் சொன்னவரையும் காத்தார். கேட்டவர்களே, சொல்லுங்கள்: இம்மூவரில் யார் செய்தது சரி? யார் செய்தது தவறு?

விடை: அடைக்கலம் செய்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. குருவம்மாளை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த ஊரின் கொடுமையை அறிந்த தாய் அஞ்சத்தான் செய்வாள். தவறு சகாயராணியுடையது. அவர் செய்து கொடுத்த சத்தியம் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லாதிருக்க மட்டுமே. 'ஆதாரம் உண்டு, நான் படித்தேன், காட்ட முடியாது, அவரிடம் அதைச் சொன்னவள் நான், என்னைத் தண்டியுங்கள்' என்று அவர் சொல்லியிருந்தால் சத்தியம் உடைந்திருக்காது, வேலை போயிருக்கும். வேலை போய்விடுமென்று அஞ்சியவர், சத்தியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.