பானெட்டில் விழாத துளி

"வேலை முடியற வரைக்கும் தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேம்மா. அப்படியும் மனசு ஆறல" என்றார் ஏகாம்பரம்.

மடத்து அம்மா சொம்பைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

ஏகாம்பரம் தொடவில்லை.

"சரி, எனக்கு மிச்சம்" என்று அம்மாவே எடுத்துக் குடித்தார்.

ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட சின்ன மடம் அது. கத்திரி கழிந்தும் வெயில் இறங்கவில்லை. அம்மா வயதில் அவருக்கு இளையவர்தான். ஏகாம்பரம் ஏரிக்கு அப்பால் உள்ள கார் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவு சூப்பர்வைசர். வேலைக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்திவிட்டு இங்கே வந்து உட்காருவார், பேசாமல் எழுந்து போவார். இன்றுதான் வாய் திறந்திருந்தார்.

"யாருக்காக விட்டீங்க?"

"தணிகைவேலுக்காக. என் லைன்ல நின்னவன். போன மாசம் செத்துப்போனான்."

அம்மா காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பெயிண்ட் காயவைக்கிற சூளையிலேருந்து வர்ற வண்டியைக் கையால தேய்ச்சுத் துடைக்கணும். அடுத்த பெயிண்ட் அதுக்கு மேலதான். அங்க ஃபேன் போட முடியாது, தூசி கிளம்பி ஒட்டிக்கும். தலையிலேருந்து கால் வரைக்கும் மூடின உடுப்பு வேற. ஒரு சொட்டு வேர்வை பானெட்ல விழுந்து, அதை யாரும் பாக்காம விட்டா, பெயிண்ட் அடிச்சதும் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துடும்."

"விழுந்துதா?"

"அவன் துடைச்ச வண்டியில விழுந்துது. ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப எல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டேன். 'என்னடா தணிகை, வண்டி வாங்கறவனுக்கு உன் வேர்வையைப் பிரசாதமா குடுக்கறியா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்."

"அப்புறம்?"

"அப்புறம் அவன்கிட்டேருந்து ஒரு சொட்டு விழல. கத்திரியிலகூட விழல. திரும்பவும் எல்லாரையும் நிக்க வெச்சேன். அவனை முன்னால கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னேன். 'இவனைப் பாருங்கடா, இவனை மாதிரி நில்லுங்கடா'ன்னேன்."

ஏகாம்பரம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"அவன் சுருண்டு விழுந்த பிறகுதான் பக்கத்துல நின்னவன் சொன்னான். வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே தண்ணியை நிறுத்திடுவானாம். 'குடிச்சாத்தானே வேர்க்கும்'னு சொல்வானாம். விளையாட்டா சொல்றான்னு இவங்களும் விட்டுட்டாங்க."

குரல் இறங்கியது.

"ஆம்புலன்ஸ்ல நான்தான் அவனைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். உடம்பு சூளையிலேருந்து வந்த தகடு மாதிரி கொதிச்சுது. ஒரு பொட்டு ஈரம் இல்லம்மா. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்கு முன்னாடியே உயிர் போயிடுச்சு."

அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏசினது தப்பா, மெச்சினது தப்பா? யோசிச்சு யோசிச்சுத் தூக்கம் போச்சு. அதான் ஷிப்ட் முழுக்க நானும் குடிக்கிறதில்லை. அவன் நின்ன இடத்துக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. ஒட்டட்டும். அவன் பட்டதை நானும் படறேன்."

அம்மா இனி ஒரு பரிகாரம் சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார். இதைவிடக் கடுமையாக எதைச் சொன்னாலும் செய்யத் தயாராக இருந்தார்.

"அவர் இடத்துல இப்ப யார் நிக்கிறாங்க?" என்று கேட்டார் அம்மா.

"சத்தியசீலன்னு ஒருத்தன். வந்தவாசிப் பக்கம். அருமையான கை."

"அவருக்கு வேர்வை விழுதா?"

"ஒரு சொட்டு விழாது!"

சொன்ன வேகத்தில் பழைய பெருமை ஒட்டியிருந்தது. அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க குடிக்காம நிக்கிறது அவருக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்மா. வாசல்ல தண்ணி கேன் வெச்சிருக்கு. நான் அங்க நிக்கிறப்ப ஒருத்தனும் அது பக்கம் போறதில்லை. ஒரு மரியா..."

சொல் பாதியில் நின்றது.

ஏரிக்கரைச் சாலையில் இரண்டாவது ஷிப்ட் பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஜன்னலோரம் இருந்த ஒருவன் ஏகாம்பரத்தைப் பார்த்துவிட்டான். நெஞ்சில் கைவைத்து வணங்கினான்.

பேருந்து மறையும்வரை ஏகாம்பரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொம்பை எடுத்தார். டம்ளரில் ஊற்றும்போது பாதி கீழே சிந்தியது. மீதியை வாய்க்குக் கொண்டுபோனார்.

அம்மா எட்டி, டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"இங்க குடிக்காதீங்க. அங்க போய், அவங்க பாக்கக் குடிங்க."