சொந்தக் காரணங்களுக்காக

ஒரகடத்துக்குப் பக்கத்துல, ஏரிய ஒட்டி ஒரு மடம். அந்த மடத்து சாமியவிட அவரு சீடர் கோதண்டத்துக்கு ஒன்பது வயசு கூட. அதனால இவரு அவர 'சாமி'ம்பாரு. அவரு இவர 'அண்ணா'ம்பாரு. கார் சீட் தைக்கிற கம்பெனியில சூப்பர்வைசரா இருந்தவரு கோதண்டம். இருந்தவரு.

ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாரு. சாமி பூசணிக்கா நறுக்கிட்டிருந்தாரு.

"சாமி, எனக்கு ஒண்ணு புரியல."

"சொல்லுங்கண்ணா."

"வீட்டுக் கடன் வாங்கறப்பவே ஒரு இன்சூரன்ஸ் எடுத்தேன். வேலை போச்சுன்னா மூணு மாசத் தவணைய அவங்க கட்டுவாங்க. ஏழு வருஷமா விடாம பிரீமியம் கட்டினேன். இப்ப வேலை போச்சு. கேட்டா தரமாட்டேங்கறாங்க."

"என்ன சொல்றாங்க?"

கோதண்டம் மூக்க லேசாப் பிடிச்சுக்கிட்டு, போன்ல பேசின பொண்ணு மாதிரியே பேசினாரு. "'சார், உங்களுக்கு வேலை போகல சார். நீங்களே நின்னுட்டீங்க சார். நிறுத்தினாத்தான் சார் பணம். நின்னா கிடையாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?'"

சாமி சிரிச்சாரு. கோதண்டம் சிரிக்கல.

"நின்னீங்களா?"

"எச்.ஆர். கூப்பிட்டாரு. 'உங்க லைன மூடறோம். நாங்க நிறுத்தினா உங்களுக்குத்தான் அசிங்கம். நீங்களே எழுதிக் குடுத்துட்டா மரியாதையா போயிடலாம்'னாரு. காபி குடுத்தாரு சாமி. இருபத்திரண்டு வருஷத்துல அந்த ரூம்ல எனக்கு அதுதான் முதல் காபி."

"எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா. சொந்தக் காரணங்களுக்காக."

"ஊர்ல கேட்டா?"

"நானே நின்னுட்டேன்னுதான் சொல்றேன்."

"வீட்ல?"

"வீட்லயும். நல்ல வேலைய திமிருல விட்டுட்டு வந்தேன்னு நெனக்கிறா. நாலு மாசமா பேசல." கோதண்டம் ஒரு பூசணிக்காத் துண்ட எடுத்துத் தட்டுல போட்டாரு. "பேங்க்ல இருந்து நோட்டீஸ் வந்தாச்சு. வீடு போயிடும் போல. நான் என்ன தப்பு பண்ணேன் சாமி?"

உள்ள மணி அடிச்சது.

"மொதல்ல சாப்பாடு"ன்னாரு சாமி.

பந்தியில எப்பவும் கோதண்டம்தான் பரிமாறுவாரு. அன்னிக்கு சாமி அவர உக்கார வெச்சாரு. சாமியே சோறு போட்டாரு, சாம்பார் ஊத்தினாரு. கோதண்டம் நாலு வாய் சாப்பிட்டிருப்பாரு. ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடாத ஆளு.

சாமி பக்கத்துல வந்து குனிஞ்சு, காதோட சொன்னாரு.

"அண்ணா, எந்திரிங்க."

பந்தியில உக்காந்தவர எழுப்பறதா? கோதண்டம் நிமிர்ந்து பார்த்தாரு. சாமி முகத்துல ஒண்ணும் தெரியல.

கோதண்டம் இலைய மூடினாரு. எந்திரிச்சாரு.

பக்கத்து இலைக்காரர் கேட்டாரு. "என்னங்க, அதுக்குள்ள?"

"வயிறு சரியில்லங்க"ன்னாரு கோதண்டம். சிரிச்ச முகமா.

பின்னால குழாயடி. கோதண்டம் குழாயத் திறந்துட்டு, கைய நீட்டாமலே நின்னாரு. சாமி சொம்போட வந்தாரு.

"வயிறு எப்ப இருந்து சரியில்ல?"

கோதண்டம் இடது கையால தோள்துண்ட சரி பண்ணாரு.

"பந்தியில இருந்து எழுப்பறது பாவம். பண்ணது நான். பழிய ஏண்ணா உங்க வயித்து மேல போட்டீங்க?"

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க சாமி."

"எந்திரிங்கன்னுதான் சொன்னேன். இலைய மூடச் சொன்னேனா?"

தண்ணி ஓடிக்கிட்டே இருந்தது. சாமி குழாய மூடினாரு.

அப்பறம்தான் கோதண்டம் மிச்சத்த சொன்னாரு.

"ராஜினாமா லெட்டர எனக்கு மட்டும் எழுதல சாமி. என் லைன்ல இருந்த பதினோரு பேருக்கும் எழுதினேன். தினமும் கம்பெனி போர்டுல பாதுகாப்பு வாசகம் எழுதறது நான்தான். கையெழுத்து நல்லா இருக்கும்னு எல்லாரும் என்கிட்டயே வந்தாங்க. எல்லாத்துலயும் ஒரே காரணம் இருந்தா நல்லா இருக்காதேன்னு ஆளுக்கு ஒண்ணு போட்டேன். ஒருத்தனுக்கு விவசாயம். ஒருத்தனுக்கு அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. இருதயராஜுக்கு மேல்படிப்பு."

"அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தியாறு."

இந்தத் தடவ சாமி சிரிக்கல.

"அவனும் இதே இன்சூரன்ஸ்தான். அவனுக்கும் வரல. போன வாரம் வீட்ட வித்துட்டு வாடகைக்குப் போனான். சாமான் ஏத்தற வண்டிகிட்ட நின்னுக்கிட்டு என் கையப் பிடிச்சான். 'அண்ணா, நீங்க எழுதின லெட்டர எச்.ஆரே பாராட்டினாருண்ணா'ன்னான். சந்தோஷமா சொன்னான் சாமி."

கோதண்டம் துண்டால முகத்த மூடிக்கிட்டாரு.

"எங்க ஆளுங்க குடுத்த புகாருக்கு புதன்கிழமை லேபர் ஆபீஸ்ல விசாரணை. பதினோரு பேரும் வராங்க. 'எல்லாம் உங்க எழுத்து, நீங்களே பேசுங்க'ன்னு என்னத்தான் முன்னால விடறாங்க. அதிகாரி லெட்டரத் தூக்கிக் காட்டி, 'ஏன் நின்னீங்க'ன்னு கேப்பாரு. அத்தன பேரு முன்னால நான் என்ன சொல்லுவேன்?"

சாமி சொம்புத் தண்ணிய அவரு கையில ஊத்தினாரு. விரல் இடுக்குல ஒட்டியிருந்த சோறு போற வரைக்கும் ஊத்தினாரு.

"என்ன வேணா சொல்லுங்கண்ணா. வயிறு சரியில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க."