பதம்

குன்றின் அடிவாரத்து மடத்தில் தாண்டவராயர் சமையல் செய்தார். குருவின் சீடரும் அவரே. வயதிலோ குருவினும் மூத்தவர். கார்த்திகைத் திருநாள்தோறும் தாம் பிடித்த பொரியுருண்டைக் கூடையைத் தலையில் சுமந்து, வெறுங்காலுடன் உச்சிக் கோயிலுக்கு ஏறுவார். அவர் வாழ்நாளின் பேறே அதுதான்.

அந்த ஆண்டு, பாகு கொதித்துக்கொண்டிருக்கையில் குரு அடுப்படிக்கு வந்தார்.

"உம் பாதம் சரியில்லை. நீர் ஏற வேண்டாம்."

"ஏன் சுவாமி? இரவெல்லாம் பாதம் எரிகிறது, உண்மைதான். பகலிலோ கல்லும் முள்ளும் தெரிவதேயில்லை. இது தவத்தின் பயன் அல்லவா?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சமையல் துணையாள் நல்லபெருமாள் சிரித்தார்.

"தவம் முற்றிப் பாதமே பாதுகை ஆகிவிட்டது, ஓய்!"

குரு தரையில் அமர்ந்து, சீடரின் வலக்காலை மடியில் ஏந்தினார். குதிகாலில் புதைந்திருந்த நெருஞ்சிமுள்ளைப் பிடுங்கிக் காட்டினார். முள் இருந்த இடத்தில் சீழ் கட்டியிருந்தது.

"எப்போது தைத்தது?"

தாண்டவராயர் குனிந்து குதிகாலைப் பார்த்தார். "தெரியவில்லை, சுவாமி."

"முள்ளை அறிந்தும் நடப்பது தவம். இதற்குப் பெயர் வேறு. என்ன உண்கிறீர்?"

"ஒருவேளைதான் உண்கிறேன்."

"அடுப்படியில்?"

"அது உண்பதா? பதம் பார்க்கிறேன்."

"பார்த்துப் பார்த்தே கால் அண்டா பாகு குறைந்துவிடும், சுவாமி" என்றார் நல்லபெருமாள்.

குரு எழுந்தார். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரல்களால் உருட்டினார். உருண்டது.

"பாகின் பதத்தை விரலே சொல்லிவிடுகிறது. நாக்குக்கு இங்கே என்ன வேலை?"

அவ்வாண்டு கூடையை நல்லபெருமாள் சுமந்தார். தாண்டவராயர் அடிவாரத்தில் நின்று உச்சிச் சுடரைப் பார்த்தார்.

மறுநாள் முதல் அவர் இலையில் கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, கொள்ளு ரசம். வைத்தியர் நீரிழிவு என்று சொல்லிப் புண்ணுக்குக் களிம்பு இட்டார். வெல்லப் பானையைக் கடக்கும்போதெல்லாம் தாண்டவராயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆடி மாதம் எரிச்சல் தணிந்தது, இரவில் உறங்கினார். பாதம் மட்டும் பஞ்சின்மேல் நடப்பதுபோலவே இருந்தது.

மீண்டும் கார்த்திகை வந்தது. விரலால் மட்டுமே பதம் பார்த்துப் பிடித்த உருண்டைகள் கூடை நிறைய இருந்தன. படிக்கட்டருகே குரு நின்றார். கேட்கும் துணிவின்றித் தாண்டவராயர் ஓரடி முன்னே வைத்தார்.

"ஐயோ! அம்மா!"

மடமே திரும்பிப் பார்த்தது. ஒரு காலைக் கையில் பிடித்தபடி, மறுகாலால் தாண்டவராயர் குதித்துக்கொண்டிருந்தார். பெயருக்கேற்ற தாண்டவம்.

"வலிக்கிறது, சுவாமி! சுருக்கென்று தைத்தது! வலிக்கிறது!"

கண்ணெல்லாம் நீர், வாயெல்லாம் சிரிப்பு.

"முள் பதம் பார்த்துவிட்டது, ஓய்!" என்று கத்தினார் நல்லபெருமாள்.

குரு குனிந்து முள்ளை எடுத்தெறிந்தார். கூடையைத் தூக்கித் தாண்டவராயர் தலையில் வைத்தார்.

"பதம் வந்துவிட்டது. ஏறும்."