சிலம்பாயியின் விளக்குமாறு

கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் உங்களுக்குக் கோபம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

முன்னொரு காலத்தில் நெடுமரத்துக்கோட்டை என்ற நாட்டை ஓர் அரசன் ஆண்டு வந்தான். அவன் பெயர் எனக்கு மறந்துவிட்டது. மறக்கக்கூடிய பெயர்தான், விடுங்கள். அவனுக்கு ஒருநாள் தாமரைக் குளம் வேண்டும் என்று ஆசை வந்தது. அரண்மனைக்குப் பின்னால் அன்னம் நீந்த வேண்டும், ராணி கால் நனைக்க வேண்டும். ஆசை மட்டும் இருந்தால் போதுமா? மண் வெட்ட ஆள் வேண்டும். வெட்டும் ஆளுக்குக் கூலி கொடுக்க அரசனுக்கு மனம் வரவில்லை.

அவனிடம் வில்வராயர் என்று ஓர் அதிகாரி இருந்தார். பல்லக்கை விட்டு இறங்காமலே நாட்டைச் சுற்றி வருகிறவர். அவர் கைகட்டி நின்று ஒரு யோசனை சொன்னார்.

"மகாராஜா, நாட்டில் சோம்பேறிகள் பெருத்துவிட்டார்கள். சும்மா இருக்கிறவர்களைப் பிடித்துவந்து மண் சுமக்க வைப்போம். குளமும் ஆகும், நாடும் திருந்தும்."

சும்மா இருப்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் வில்வராயரிடம் வழி இருந்தது. பொழுது சாயும் நேரத்தில், அன்று தான் செய்ததை ஒவ்வொருவரும் வீட்டு வாசலில் வைக்க வேண்டும். குயவன் பானையை வைக்கட்டும். தறிக்காரன் துணியை வைக்கட்டும். உழவன் தானியத்தை வைக்கட்டும். அதிகாரி பல்லக்கில் வந்து பார்ப்பார். வைக்க ஒன்றும் இல்லாதவர் கையில் கயிறு கட்டுவார். கயிறு கட்டியவர் மழைக்காலம் வரும்வரை குளக்கரையிலேயே தங்கி மண் சுமக்க வேண்டும்.

ஊர் ஊராகப் பறை அறைந்து இதைச் சொன்னார்கள்.

அந்த நாட்டில், வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஓர் ஊரில், சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் முத்திருளன் கொடிக்காலில் வேலை செய்பவன். நல்லவன், ஆனால் வாயில்லாப் பூச்சி. அவர்களுக்கு இடுப்பை விட்டு இறங்காத ஒரு கைக்குழந்தை.

பறை அறைந்த அன்று சிலம்பாயி என்னென்ன செய்தாள் என்று சொல்கிறேன். விடியும் முன்னே வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள். ஊர் அந்தக் கோலத்தை மிதித்துக்கொண்டு போனது. தண்ணீர் எடுத்துவந்து குடத்தை நிரப்பினாள். வீடு அந்தத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தது. மிளகாய் அரைத்தாள், குழம்பு வைத்தாள், சோறு வடித்தாள். புருஷனும் பிள்ளையும் சாப்பிட்டார்கள், பானை காலியானது. பாத்திரம் துலக்கினாள், துணி துவைத்தாள், மாட்டுக் கொட்டிலை வாரினாள். வெயில் சாய்ந்தபோது வீடு துப்புரவாக இருந்தது. துப்புரவு என்றால் என்ன? ஒன்றும் கிடக்காமல் இருப்பதுதானே! அதை எடுத்து வாசலில் வைக்க முடியுமா?

இத்தனைக்கும் நடுவில் அவள் ஒரு காரியம் தனக்காகச் செய்தாள். பழைய விளக்குமாறு தேய்ந்துபோயிருந்தது. பச்சைத் தென்னங்கீற்றைக் கிழித்து, கத்தியால் ஒவ்வோர் ஈர்க்காகச் சீவி, கொல்லையில் காய வைத்திருந்தாள். அதை அன்று அள்ளிவந்து, நுனியும் அடியும் பார்த்துச் சேர்த்து, தரையில் தட்டித் தட்டி அடியைச் சமமாக்கினாள். தானே திரித்த தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிச் சுற்றினாள். கட்டி முடித்ததும் கையில் பிடித்துப் பார்த்தாள். பிடி உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு ஈர்க்குகூட ஆடவில்லை. வாசலில் ஒருமுறை வீசிப் பார்த்தாள், சர்ரென்று ஒரே இழுப்பில் மண் ஓடியது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தானாகவே சிரித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த குழந்தையும் காரணம் தெரியாமல் சிரித்தது.

பொழுது சாய்ந்தது. முத்திருளன் தன் வெற்றிலைக் கட்டை வாசலில் வைத்தான். சிலம்பாயி தன் புது விளக்குமாற்றை அதன் பக்கத்தில் வைத்தாள்.

பல்லக்கு வந்து நின்றது. பக்கத்து வீடு குயவன் வீடு. வாசலெல்லாம் ஓட்டுச் சில்லும் சாம்பலும் சகதியும். "ஆஹா, இதுவல்லவா உழைக்கிற வீடு!" என்றார் வில்வராயர். பிறகு இந்த வாசலைப் பார்த்தார்.

"வெற்றிலை யாருடையது?"

"என்னதுங்க சாமி" என்றான் முத்திருளன்.

"நல்லது. இந்த விளக்குமாறு?"

"நான் கட்டினதுங்க" என்றாள் சிலம்பாயி.

"விற்கப் போகிறாயா?"

"இல்லைங்க, வீட்டுக்கு."

வில்வராயர் சிரித்தார். பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்து, அவர்களும் சிரிக்க வேண்டும் என்று ஒரு பார்வை பார்த்தார். "வீட்டுக்கு என்றால் அது வேலை இல்லை, அம்மா. பொழுதுபோக்கு. வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. புருஷன் சம்பாதிக்கிறான், நீ சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாய். கட்டு கயிற்றை!"

பாருங்கள் அநியாயத்தை! வாசல் குப்பையாக இருந்தால் உழைப்பாளியாம், பெருக்கி வைத்திருந்தால் சோம்பேறியாம்!

சேவகன் ஒரு கட்டுக் கயிற்றோடு வந்தான். சிலம்பாயி கயிற்றைப் பார்த்தாள். வீட்டுக்கு ஒரு கட்டுக் கயிறு அரண்மனைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். தேங்காய் மட்டையை ஊறப் போட்டு, அடித்து, நார் எடுத்து, தொடையில் வைத்துத் திரிப்பது வீட்டுப் பெண்கள். அந்தக் கயிற்றின் முனையில் இரட்டை முடிச்சு இருந்தது. அவள் போடும் முடிச்சு.

"ஐயா, இந்தக் கயித்தைத் திரிச்சதே நான்தான்! நான் சும்மா இருந்தா, என்னைக் கட்ட உங்களுக்குக் கயிறு ஏது?"

"வாயாடாதே. நீ உழைத்ததற்கு அடையாளம் இருந்தால் நாளைக் காலையில் அரசர் முன்னால் கொண்டுவந்து காட்டு. சோறு கறி கொண்டு வராதே, அதை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள்" என்று சொல்லிவிட்டு வில்வராயர் போய்விட்டார். சேவகன் அவள் ஒரு மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிவிட்டுப் பல்லக்குக்குப் பின்னால் ஓடினான்.

தெருவில் அவள் ஒருத்தி இல்லை, இன்னும் எத்தனையோ பெண்கள் கையில் கயிறோடு நின்றார்கள்.

முத்திருளன் தலையைச் சொறிந்தான். "விடு புள்ள. பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மழை வர்ற வரைக்கும்தானே?"

"சரியா இருக்குமா?" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். "மண்ணு சுமக்க எனக்குப் பயமில்லைங்க. பிள்ளைக்கு யாரு பால் குடுப்பா? அது போகட்டும். நான் சும்மா இருந்தேன்னு அந்த ஆளு சொல்றான், நீங்களும் கேட்டுக்கிட்டு நின்னீங்களே! உங்களுக்குமா தெரியாது?"

முத்திருளன் குனிந்து தன் வெற்றிலைக் கட்டை எடுத்துக்கொண்டான்.

சிலம்பாயி வீட்டுக்குள் போனாள். எதைக் காட்டுவது? வைத்த குழம்பு வயிற்றுக்குள் போயிற்று. துவைத்த துணி மறுபடி அழுக்காயிற்று. போட்ட கோலம் ஊரார் காலோடு போயிற்று. ஆத்திரம் தாங்காமல் மூலையில் கிடந்த பழைய விளக்குமாற்றை எடுத்து அடுப்படியைப் பெருக்க ஆரம்பித்தாள். ஒரு சாணுக்குத் தேய்ந்த கட்டை அது. குனிந்து குனிந்து இடுப்பு வலித்தது. சட்டென்று நின்றாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். அம்மியைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் தொங்கிய அகப்பையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை, கயிறு கட்டிய கையோடு, இடுப்பில் குழந்தையோடு, தலையில் ஒரு மூட்டையோடு அரண்மனைக்குப் போனாள். முத்திருளன் பின்னாலேயே போனான். வாசலில் காவலன் மறித்தான்.

"விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு அரசவைக்கா? என்ன திமிர்!"

"உங்க அரண்மனையை எதாலப்பா பெருக்குறாங்க? மயிலிறகாலயா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அரசன் கொலுவில் இருந்தான். சிலம்பாயி மூட்டையை அவிழ்த்தாள். தேய்ந்த விளக்குமாறு, தேய்ந்த அகப்பை, தேய்ந்த அம்மிக் குழவி. குழவியைக் கீழே வைத்தபோது தொம்மென்று சத்தம் கேட்டது.

"மகாராஜா, குப்பையைக் கொண்டு வந்திருக்கிறாள்" என்றார் வில்வராயர்.

"ஆமாங்க மகாராசா, குப்பைதான். கொஞ்சம் உத்துப் பாருங்க." தேய்ந்த விளக்குமாற்றின் பக்கத்தில், கையில் கொண்டுவந்திருந்த புதியதை வைத்தாள். "பழசையும் இந்தக் கைதான் கட்டிச்சு. கட்டும்போது புதுசோட நீளம்தான். மிச்சம் எங்க போச்சு? எலியா தின்னுச்சு? எங்க வீட்டு மண்ணுல போச்சு."

அகப்பையை எடுத்தாள். கொட்டாங்கச்சியை ஓட்டுச் சில்லால் வழித்து வழித்து வழவழப்பாக்கி, மூங்கில் காம்பு செருகிச் செய்தது. வட்டமாக இருந்த வாய் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. "இது பானையடியில சுரண்டிச் சுரண்டிக் கரைஞ்சது. கடைசிச் சோறும் மத்தவங்க தட்டுக்குப் போகணும்னு சுரண்டினது."

பிறகு குழவியைத் தொட்டாள். "இதைப் பாருங்க. ரெண்டு முனையும் பருமனா இருக்கு, கை பிடிக்கிற இடம். நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி இருக்கு, அரைக்கிற இடம். கல்லு, மகாராசா! கல்லே தேய்ஞ்சிருக்கு. நான் செஞ்ச வேலை சாயங்காலம் வாசல்ல நிக்காது. அது எதைத் தேய்ச்சதோ அதுலதான் தெரியும். கல்லைத் தேய்ச்சவளைச் சும்மா இருந்தவள்னு சொல்றாங்களே, இது அடுக்குமா?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வாயில்லாப் பூச்சி என்றேனே, அந்த முத்திருளன்தான். "நான் தினமும் பார்த்தேன் சாமி. பார்த்தும் நேத்து வாயைத் தொறக்கல. தப்பு என்னோடது." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சிலம்பாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அரசனிடம் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். எங்களுக்குக் கயிறு கட்டின ஐயாவும் தேய்ஞ்ச சாமான் மூணு கொண்டுவரட்டும்."

அரசனுக்கு அது நியாயமாகப் பட்டது. வேடிக்கையாகவும் பட்டது. சேவகர்கள் ஓடினார்கள்.

முதலில் வில்வராயரின் செருப்பு வந்தது. வாங்கிப் பல காலமான செருப்பு, அடித்தோல் அப்படியே இருந்தது, மண்ணே படவில்லை. அடுத்து அவருடைய கைப்பிரம்பு வந்தது. முனையில் போட்ட வெள்ளிப் பூண் புதுக்கருக்கோடு மின்னியது, தரையில் ஒருமுறையும் ஊன்றியதில்லை. மூன்றாவதாகப் பல்லக்குத் திண்டு வந்தது. அது தேய்ந்திருந்தது! பட்டு நைந்து, பஞ்சு பிதுங்கி, நட்டநடுவில் ஆழமாக ஒரு குழி. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி.

சபை கொல்லென்று சிரித்தது. அரசனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிலம்பாயி மட்டும் சிரிக்கவில்லை. சிம்மாசனத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை போன இடத்தை அரசனும் குனிந்து பார்த்தான். அவன் உட்கார்ந்திருந்த மெத்தையிலும் ஒரு குழி இருந்தது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாப் பெண்கள் கையிலிருந்தும் கயிற்றை அவிழுங்கள்" என்றான் மெல்ல. "சும்மா இருந்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. சட்டம் சட்டம்தானே, வில்வராயரே?"

சிலம்பாயி கையிலிருந்து அவிழ்த்த கயிற்றை அவர் கையில் கட்டினார்கள். இழுத்துப் பார்த்தார், அறவில்லை. நன்றாகத் திரித்த கயிறு அல்லவா! அன்றைக்கே மண் கூடையும் தலையில் ஏறியது. அரசனும் கூலி கொடுத்து ஆள் பிடித்தான். முதல் நாள் அவனே இறங்கி ஒரு கூடை மண் சுமந்தான் என்கிறார்கள். ஒரு கூடைதான். அதற்கே முதுகு பிடித்துக்கொண்டதாம்.

அன்று சிலம்பாயி சபையை விட்டுக் கிளம்பும்போது அரசன் அவளிடம், "அந்தத் தேய்ந்த விளக்குமாற்றை இங்கே கொடுத்துவிட்டுப் போ. பொன்னால் பூண் போட்டுச் சபையில் வைக்கிறேன்" என்றான்.

"வேணாங்க மகாராசா. அதுல இன்னும் கொஞ்சம் உசுரு இருக்கு. அடுப்படிக்கு ஆகும்" என்று சொல்லி அதைப் பிடுங்காத குறையாக எடுத்து மூட்டையில் வைத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் குழவியை முத்திருளன்தான் தூக்கிவந்தான். கல்லின் கனம் அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. வீடு வந்ததும் புது விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்கினான். திட்டுத் திட்டாகத்தான் பெருக்கினான், மூலையெல்லாம் அப்படியே கிடந்தது. சிலம்பாயி பார்த்துக்கொண்டே குழந்தைக்குப் பால் கொடுத்தாள். "மூலையில போகலீங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் திரும்பிப் போய் மூலையைப் பெருக்கினான்.

கேட்டீர்களா? செய்யச் செய்ய மறைந்துபோகும் வீட்டு வேலையும் வேலைதான், அதைச் செய்கிறவரைப் பார்த்துச் சும்மா இருக்கிறாய் என்று சொல்பவரே உண்மையில் சும்மா இருப்பவர்.