சரிவில் கேட்ட மூச்சு

ரோட்டில் ஒரு மோட்டார் போனால் மாடு மேய்க்கிறவர்களெல்லாம் ஓடி வந்து வேடிக்கை பார்த்த காலம் அது. அப்போதே சைக்கிள் பந்தயத்தில் பட்டணத்தைக் கலக்கியவர் மாசிலாமணி. பட்டணத்தில் கிளம்பிச் செம்மண் புழுதியில் செங்கல்பட்டு வரை போய்த் திரும்பும் பந்தயம். மூன்று வருஷம் அவரை அடிச்சுக்க ஆளில்லை. அப்புறம்தான் வந்து சேர்ந்தான் வேதமுத்து.

வேதமுத்து செய்ததில் தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. மாசிலாமணியின் பின் சக்கரத்தை ஒட்டியே வருவான். எதிர்க்காற்று முழுக்க மாசிலாமணியின் நெஞ்சில் மோதும். அந்த முதுகு மறைவில் இவன் சொகுசாக வருவான். கடைசி ஃபர்லாங்கில் வெளியே வந்து நாலு மிதி மிதிப்பான். போயே போச்சு. இரண்டு வருஷமாகக் கோப்பை அவன் வீட்டில்.

இந்த வருஷப் பந்தயம்தான் மாசிலாமணிக்குக் கடைசி. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் விடியலில், வழியில் இருக்கிற ஏரிக்கரைக்கு வந்து சிற்றம்பலச் சாமியின் குடிசையில் சைக்கிளைச் சாய்த்தார். சாமி அவரைவிட வயசில் சின்னவர். ஆனாலும் மனசு கலங்கினால் மாசிலாமணி தேடி வருவது அவரைத்தான்.

சாமி தன் ஓட்டைச் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சாமியார் சைக்கிள் ஓட்டலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் ஓட்டினார், அவ்வளவுதான்.

“சாமி, வயிறு எரியுது.”

“சொல்லுங்கண்ணே.”

“நாளைக்கு இந்த ஏரிக்கரைச் சரிவுல வேதமுத்துவை விழ வைக்கப் போறேன்.”

“கையால தள்ளியா?”

“காலால. பந்தய வண்டியில சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். காலை நிறுத்திட்டு சும்மா உருள முடியாது. ஒரு நொடி காலை இறுக்கிப் பிடிச்சாப் போதும், வண்டி தயங்கும். ஒட்டி வர்றவன் என் சக்கரத்துல மோதிக் குப்புற விழுவான். கை பிரேக்கைத் தொடாது. ஒருத்தனுக்கும் தெரியாது.”

“விழுந்தா பிழைப்பாரா?”

மாசிலாமணி தலை குனிந்தார். “ஓரத்துல கருங்கல் கொட்டிக் கிடக்கு, சாமி.”

சாமி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“செய்யலாமா, கூடாதா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அதோட விட்டுடறேன்.”

சாமி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் சைக்கிளை வெளியே எடுத்தார்.

“நீங்க முன்னால போங்கண்ணே. நான் ஒட்டி வர்றேன். என்மேல பழகிப் பாருங்க.”

“ஐயையோ! என்ன சாமி விளையாட்டு இது?”

“நாளைக்குச் சரியா வரணுமில்ல? கிளம்புங்க.”

ஏரி முழுக்க மூடுபனி. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பனைமரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சைக்கிள் தரையில்தான் போகிறதா என்றே மாசிலாமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

பந்தயக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சக்கரம் கோணும், ஒட்டி வருகிறவருக்கு ஆபத்து. பின்னால் ஆள் இருப்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காதில் மூச்சு கேட்டது. இரைக்கிற மூச்சு, முதுகை ஒட்டி.

சரிவு வந்தது. பெடல் கால்களை இழுத்துக்கொண்டு சுற்றியது. இந்த இடம்தான், இறுக்கு, இறுக்கு என்றது மனசு. கோப்பையைத் தூக்கிப் பிடித்து வேதமுத்து சிரித்த சிரிப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. மூச்சு இன்னும் கிட்டே வந்தது. வேதமுத்துவின் மூச்சா, சாமியின் மூச்சா? ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ பாவம், நாக்குத் தள்ள வருகிறார் என்று மட்டும் தெரிந்தது. மாசிலாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கால்களைப் பெடலின் போக்கில் விட்டுவிட்டார். கருங்கல் குவியல் பக்கத்தில் வந்து, பின்னால் போனது.

கீழே சமதரையில் வண்டியை மெல்ல அடக்கி இறங்கித் திரும்பினார். யாரையும் காணோம்.

“சாமீ!”

கருங்கல் குவியலை நோக்கி ஓடினார். கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, மேலேயிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு, பனிக்குள்ளிருந்து நிதானமாக நடந்து வந்தார் சாமி.

“எங்கே போயிட்டீங்க சாமி? எனக்கு உயிரே போயிடுச்சு!” மாசிலாமணிக்கு இன்னும் இரைப்பு அடங்கவில்லை.

“சரிவுன்னா எனக்குப் பயம்ண்ணே. மேலேயே இறங்கிட்டேன்.”

“சும்மா சொல்லாதீங்க. கீழே வர்ற வரைக்கும் மூச்சு கேட்டுச்சே!”

“நான் இல்லை.”

“அப்போ யாரு? அந்த மூச்சைக் கேட்டுத்தானே நான் காலை இறுக்கல!”

சாமி சைக்கிளை நிறுத்திவிட்டு மாசிலாமணியின் இரைக்கிற நெஞ்சில் கையை வைத்தார்.

“யாரா வேணா இருக்கட்டும்ண்ணே. அந்த ஆள் பத்திரமா இறங்கிட்டாரா?”